மூட்டும் மசகும் தூசியும்

மாட்டு வண்டிக்கு மையிடுவது நம் நாட்டில் பயணத்துக்கு முந்திய சடங்கு போன்றது. அச்சில் மை காய்ந்தால் வண்டி கிறீச்சிடும். அந்த ஓசையே வண்டிக்காரருக்கு எச்சரிக்கையாகும். மோட்டார் வண்டிக்கு அத்தகைய நாவன்மை இல்லை. அதன் மூட்டு தேய்ந்துவிட்டதை ஓசையால் நாம் அறியும் வேளையில், பெரும்பாலும் காலங்கடந்துவிடுகின்றது.

சக்கரத்தை வண்டியின் சட்டத்துடன் பிணைக்கும் தண்டுகளின் முனைகளில் அசையும் மூட்டுகள் உள்ளன. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அவையே இடங்கொடுக்கின்றன. இம்மூட்டுகளைக் காக்க மேற்கொண்ட முயற்சிகளை மசகின் வரலாறு என்று பலர் கருதுவர். தூசியோடு நிகழ்ந்த நெடும்போரின் வரலாறு என்பதே நம் கருத்து.

1908-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு 'டி' மாதிரி வண்டியில் எண்ணெய்க் குப்பிகளும் திருகு மூடியுள்ள கிரீஸ் கிண்ணங்களும் இருந்தன. உரியவர் அவ்வப்போது மூடியைத் திருகினால் மசகு உள்ளே நுழையும். மறந்தால் மூட்டு வறளும். பின்னர் சிகாகோவில் ஆர்தர் குல்போர்க் என்பவர் மசகை அழுத்தத்துடன் செலுத்தும் துப்பாக்கியை உருவாக்கினார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆஸ்கர் செர்க் 1920-களில் அதற்குப் பொருத்தமான சிறு முலையைச் செம்மைப்படுத்தினார். நம் பணிமனைகளில் 'கிரீஸ் நிப்பிள்' என வழங்குவது அதுதான். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் வண்டியை ஓட்டியவர்கள் 'கிரீஸ் அடிக்கும்' நாளை மறந்திருக்கமாட்டார்கள்.

இம்முறையின் பெரும்பயன் புதிய மசகு உள்ளே செல்வது மட்டுமன்று. மணலும் நீரும் கலந்து கறுத்த பழைய மசகு வெளியே பிதுங்கி வந்துவிடுவதாகும். கிரீஸில் மணல் கலந்தால், அது சாணை பிடிக்கும் பொடியை எண்ணெயில் குழைத்து மூட்டுக்குள் வைத்ததற்கு ஒப்பாகும். அக்காலத்துப் பொறியாளர் சிலர் இதனை உணர்ந்தே திசைதிருப்பும் மூட்டுகளுக்குத் தோலுறை தைத்து, அதனுள் மசகை அடைத்து, வாரால் இறுகக் கட்டினர். தோலின் இடத்தில் பின்னர் ரப்பர் வந்தது. உறை நன்கு மூடவே, மசகிடும் இடைவெளியும் நீண்டது. 1961-ஆம் ஆண்டின் ஃபோர்டு வண்டிகளுக்கு 30,000 மைலுக்கு ஒருமுறை கீழ்ப்பகுதி மசகிட்டால் போதும் என்று விளம்பரம் செய்தார்கள். சுமார் 48,000 கிலோமீட்டர்!

இந்த வளர்ச்சிக்கு முரணான ஒரு மூட்டும் உண்டு. தண்டின் முனையில் ஒரு வளையம். வளையத்துக்குள் துளையிட்ட உலோகக் கோளம். கோளத்தின் வழியே ஒரு போல்ட். இங்கிலாந்தில் இதனை ரோஸ் மூட்டு என்றும், அமெரிக்காவில் ஹைம் மூட்டு என்றும் அழைப்பர். இரண்டும் அதனைச் செய்த நிறுவனங்களின் பெயர்களே. இரண்டாம் உலகப்போரில் வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய விமானத்தில் இதனைக் கண்டெடுத்தார்கள் என்பது பொறியியல் வட்டாரத்தில் வழங்கிவரும் செய்தி. விமானத்தின் இயக்குதண்டுகளுக்கு அது ஏற்றதே. வானத்தில் சாலைப் புழுதி இல்லை. குறித்த மணிக்கணக்கில் ஆய்வும் நடைபெறும். அங்கிருந்து பந்தய வண்டிக்கு அது வந்தது. பந்தய வண்டியையும் அடிக்கடி கழற்றித் துடைத்துச் சோதிப்பார்கள்.

வீட்டு வண்டியின் நிலை வேறு. பந்தய வண்டியைப் போலத் திரும்பவேண்டும் என்ற ஆசையில் இம்மூட்டைத் தம் வண்டியில் பொருத்துவோர் பலர். ரப்பருறையற்ற அந்தக் கோளம் ராஜஸ்தானத்து மணலையும் மும்பையின் மழைநீரையும் நேரடியாக ஏற்கிறது. மனித உடலின் தோள் மூட்டும் பந்தும் கிண்ணமும் சேர்ந்ததே. ஆனால் இயற்கை அதனைச் சவ்வுப் பையால் மூடி, மசகுநீரை அதனுள்ளேயே சுரக்கச் செய்திருக்கின்றது. இயற்கை செய்த ஏற்பாட்டை நாம் ஏன் கைவிடவேண்டும்? இம்மூட்டுக்கென்றே ரப்பருறைகள் கிடைக்கின்றன. அவற்றை முதல் நாளே இடுவது நன்று.

மசகிடுவதிலும் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. உலோகத்தோடு உலோகம் உரசும் வகைக்கு மசகு இன்றியமையாதது. 1938-இல் அமெரிக்க வேதியியலார் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லான் என்னும் வழுக்குப் பொருளை வளையத்தின் உட்புறத்தில் பதித்த வகையோ, தானே வழுக்குந்தன்மை உடையது. அதற்குக் கிரீஸ் அடிப்பது, புழுதிக்கு ஒட்டுப்பசை தடவுவதாகவே முடியும். உறையைத் திறந்து, துணியால் துடைத்து, உலரவிட்டு மூடினால் போதும். பணிமனைத் தம்பி அன்பு மிகுதியால் துப்பாக்கியை எடுத்து வந்தால், எவ்வகை மூட்டு என்று பார்த்த பின்பே அனுமதிக்கவேண்டும்.

தேய்மானத்தைச் சோதிக்க, சக்கரம் தரையைவிட்டு எழும்படி வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, தாங்குகட்டை வைத்தபின், தண்டைக் கையால் பற்றி அசைத்துப் பார்க்கலாம். சிறு 'டக்' ஒலி கேட்டாலும் மூட்டை மாற்றவேண்டும். தேய்ந்த கோளத்தை எந்த மசகும் வளர்த்துத் தராது. போல்ட்டின் தலைப்பக்கத்தில், வளையத்தின் துளையைவிட அகன்ற ஒரு வாஷரை இடுவதும் பந்தயக்காரர் வழக்கம். கோளம் முற்றிலும் தேய்ந்து வளையத்தினின்று நழுவினாலும், அந்த வாஷர் தண்டைக் கழன்றுபோகாமல் பிடித்துக்கொள்ளும்.