கஞ்சிக்கும் கவிதையில் இடமுண்டு

ஜப்பானிய அரசவைக் கவிவாணர்கள் நிலவையும் செர்ரி மலரையும் போற்றிப் பாடி, அடுப்பங்கரைப் பக்கம் திரும்பியும் பாராதிருந்த பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், 17-ஆம் நூற்றாண்டில் நகரத்து வணிகரும் கைவினைஞரும் கூடிக் களித்து வளர்த்த ஹைக்காய் என்னும் விநோதக் கவிதை, முள்ளங்கிக்கும் ஊறுகாய்க்கும் ஆசனமிட்டு வரவேற்றது. ஞானியென்று இன்று உலகம் பூஜிக்கும் பாஷோவே (1644–1694), பக்குவம் தப்பினால் பிராணனை வாங்கிவிடும் பேத்தை மீனின் சாற்றைக் குடித்தவன் மறுநாள் உயிரோடிருக்கும் வியப்பை விளையாட்டாகப் பாடினார். அந்தக் குறும்பை அவருடைய பிற்காலத்துத் தியானப் பாடல்களுக்கு ஒரு படி தாழ்ந்ததென்று கருதுவோரோடு எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. 1765-இல் தொகுப்பாக வெளிவரத் தொடங்கிய சென்ரியு என்னும் நையாண்டிப் பாக்களோ, மனிதரின் அன்றாடப் பலவீனங்கள் அனைத்தையும் சந்திக்கு இழுத்தன.

ஆயினும் உணவின்பால் மாசவோகா ஷிகி கொண்ட பிரேமையே பிரேமை! முதுகெலும்பைக் காசநோய் அரித்த வேதனையில் படுக்கையை விட்டு எழ இயலாதவராய், 1902-இல் தமது 34-ஆம் வயதில் மறைந்த அம்மகாகவி, சீமைப் பனிச்சம் பழத்தின்மீது தமக்கிருந்த தீராத ஆசையைக் கூச்சமின்றி ஹைக்கூவாக்கியதோடு, கஞ்சி எத்தனை கிண்ணம், பச்சை மீன் துண்டம் உண்டா, இனிப்பு ரொட்டி எவ்வளவு என்று வேளைதோறும் தாம் உண்டதைத் தமது நோய்ப்படுக்கைக் குறிப்பேட்டில் சிரத்தையோடு எழுதி வைத்தார்.