வெயில் தரும் மெலனோமா, வெயில் படாத மெலனோமா

1981-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பிரசாரம் தொடங்கியது. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்பதுதான் அதன் சாரம். வெள்ளைத் தோலும் சுட்டெரிக்கும் வெயிலும் சேர்ந்த அந்த நாட்டில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அன்றாடக் கவலை. அதே ஆண்டு மே 11 அன்று, ரெகே பாடகர் பாப் மார்லி 36 வயதில் மயாமியில் இறந்தார். அவரைக் கொன்றதும் மெலனோமாதான். ஆனால் அது தொடங்கிய இடம் வலது கால் பெருவிரல் நகத்தின் அடி. எந்தக் களிம்பும் தொப்பியும் அதைத் தடுத்திருக்க முடியாது.

முதல் வகையான வெயில் மெலனோமாவில் புற ஊதாக் கதிர் மரபணுவில் விட்டுச்செல்லும் தழும்புகள் ஏராளம். ஏறத்தாழ பாதிப் பேருக்கு பிராஃப் மரபணுவில் மாற்றம் இருக்கும். உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகியவற்றில் வரும் இரண்டாவது வகையில் அந்தத் தழும்புகள் குறைவு. இது எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது. வெயில் வகை மாநிறத்தவரான நமக்கு அரிது என்பதால், நம்மவர்களின் மெலனோமாவில் இதன் பங்கு பெரிது.

கண்டுபிடிப்பதில்தான் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன. முதுகில் கோணலாக வளரும் கரு மச்சம் வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும். குதிகாலில் வருவதைக் கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவார்கள். சர்க்கரை நோயாளி என்றால், ஆறாத புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போடுவார்கள். இத்தனைக்கும் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வைத்துப் பார்த்தால் துப்புக் கிடைக்கும். உள்ளங்கால் தோல் அதில் வரப்பும் வாய்க்காலுமாகத் தெரியும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் ஓடும். மெலனோமாவின் நிறம் வரப்பின் மேல் பட்டையாகப் படியும். உறுதி செய்வது பயாப்சி.

சிகிச்சையின் அடிப்படை இரண்டுக்கும் அறுவைதான். கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே கணக்கு: 1 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறார்கள். முதுகில் அதைத் தைத்து மூடிவிடலாம். குதிகாலில் ஒட்டுத்தோல் வேண்டும், நகத்தடியில் சில சமயம் விரலே போகும். மார்லிக்கும் விரலை எடுக்கச் சொன்னார்கள்; அவர் இணங்கவில்லை.

பரவிய மெலனோமாவுக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் வெயில் வகையில் பலரைப் பல ஆண்டுகள் வாழவைக்கின்றன. உள்ளங்கால் வகை அவற்றுக்கு அவ்வளவாகப் பணிவதில்லை. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் நமக்குத்தான் கூடுதல்.

மாநிறத்தவரின் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இருப்பது பெரும்பாலும் இயல்பு. நடுவயதில் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே வந்தாலோ, நிறம் நகக்கண் தோலுக்கும் பரவினாலோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.