கண்ணுக்கு அளவெடுத்த கதை

கண்ணாடி பவர் தெரிஞ்சா போதும், கான்டாக்ட் லென்ஸை ஆன்லைன்லயே வாங்கிடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வரலாறு வேற சொல்லுது.

1888-ல் அடால்ஃப் ஃபிக் என்ற கண் மருத்துவர் கண்ணாடியில் செய்த லென்ஸைப் பற்றி எழுதினார். முதலில் முயலுக்கு மாட்டினார், அப்புறம் தனக்கே. சில மணி நேரத்துக்கு மேல தாங்கலை. அடுத்த வருஷம் ஆகஸ்ட் முல்லர் என்ற ஜெர்மன் மாணவர் தன் கிட்டப்பார்வைக்கு லென்ஸ் செஞ்சு போட்டார். அரை மணி நேரம்தான்! கார்னியாவில் ரத்தக்குழாயே கிடையாது. ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வரணும். அதை அந்தக் கண்ணாடி அடைச்சிடும்.

புடாபெஸ்ட்டில் ஜோசப் டல்லோஸ் உயிருள்ள கண்ணிலேயே அச்செடுத்து, ஆளுக்கேத்த லென்ஸ் செய்தார். 1961 கிறிஸ்துமஸ் சமயம், பிராக்கில் ஓட்டோ விக்டெர்லே தன் வீட்டிலேயே, பிள்ளைகளோட விளையாட்டு செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வெச்சு மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தார்.

லென்ஸ் மென்மையாச்சு, ஆனா அளவெடுக்கிற வேலை போகலை. எனக்குப் போட்ட முதல் ஜோடியில எழுத்தெல்லாம் பளிச்னு தெரிஞ்சது. ஆனா கண் சிமிட்டினா லென்ஸ் அசையவே இல்லை. டாக்டர் உடனே கழட்டிட்டாங்க. லேசா அசைஞ்சாத்தான் அடியில் கண்ணீர் ஓடும். இறுகிப் பிடிச்சா கார்னியா பாதிக்கும். இறுக்கமான செருப்பு கடிச்சா தெரியும், லென்ஸ் பல நேரம் சொல்லாது. அதனால, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட அளவெடுத்துக்கங்க.