பாலத்தருகே ஒரு மஞ்சள் வட்டம்

ஜெர்மனியின் மேற்குப் பிரதேசங்களில் மோட்டார் வண்டியில் பிரயாணம் செய்யும் அந்நியர், சிற்றாறுகளைக் கடக்கும் பழைய பாலங்களின் முகப்பில், மஞ்சள் வட்டப் பலகையொன்றில் டாங்கியின் உருவமும் எண்ணும் அம்புக்குறிகளும் கருநிறத்தில் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டு, இது தமக்கு இடப்பட்ட கட்டளையோ என்று திகைப்பது இயல்பே. சாதாரண சாரதிக்கு அதனால் யாதொரு நிர்ப்பந்தமும் இல்லை.

1955இல் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்து, அமெரிக்க, பிரிட்டிஷ் சைனியங்கள் உள்ளிட்ட நேசப் படைகள் அம்மண்ணில் நிலைகொண்டிருந்த காலத்தில், கிழக்கிலிருந்து யுத்தம் மூளுமாயின் எந்தப் பாலம் எத்தனை பாரம் தாங்கும் என்று நின்று விசாரிக்க அவகாசம் இராது என்ற அச்சமே இப்பலகைகளைத் தோற்றுவித்தது. சக்கர வாகனத்துக்கு ஓர் எண், சங்கிலிப் பட்டையில் ஊரும் டாங்கிக்கு வேறோர் எண் எனப் பிரித்தெழுதியிருப்பதும் உண்டு. ஒற்றை அம்பு ஒருவழிப் போக்கையும், எதிரெதிரான இரண்டு அம்புகள் இருவழிப் போக்கையும் குறிக்கும். அந்த எண்ணை வெறும் டன் கணக்கென்று கொள்வது பிழை. வண்டியின் எடையோடு அச்சுகளுக்கிடையிலுள்ள தூரத்தையும் கருதி வகுத்த தரம் அது. கிராமத்துப் பாலங்களைக்கூட யுத்தக் கண்ணோடு அளந்தெழுதிய இக்கணக்கைப் போல், அத்தலைமுறையின் பீதியைத் தெளிவாகக் காட்டும் சாசனம் வேறில்லை என்பேன். 1990இல் தேசம் ஒன்றுபட்ட பின்னரும் பல பாலங்களில் அவை அகற்றப்படாமலே நின்றன.