ஸ்க்ரோல் செய்தால்தான் வரும் வரிசைகள்: தானியங்கி சோதனை ஏமாறுவது எப்படி?

10,000 வரிசைகள் உள்ள அட்டவணை பிரவுசரில் சட்டென்று திறக்கிறது. ஆனால், 'கண்ட்ரோல் எஃப்' அழுத்தி ஒரு பெயரைத் தேடினால் 'இல்லை' என்கிறது. கீழே இறக்கிப் பார்த்தால் அதே பெயர் இருக்கு! இது எப்படி?

விர்ச்சுவல் ஸ்க்ரோலிங் என்றால் என்ன?

திரையில் தெரியும் வரிசைகளையும், அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள சிலவற்றையும் மட்டுமே பக்கத்தில் உருவாக்கும் முறை இது. ஸ்க்ரோல் செய்யச் செய்ய பழையவை நீங்கி, புதியவை வரும். இதனால் பிரவுசர் திணறாது. 'ஏஜி கிரிட்' போன்ற அட்டவணைக் கருவிகள் இப்படித்தான் இயங்குகின்றன.

சோதனையில் என்ன சிக்கல்?

மனிதருக்குப் பதிலாக பிரவுசரை இயக்கிப் பார்க்கும் கருவிகள் உண்டு. 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலினியம், 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட் ஆகியவை உதாரணம். பக்கத்தில் உருவாகாத வரிசை இவற்றின் கண்ணிலும் படாது.

ராஜபாளையம் பக்கம் உள்ள ஒரு நூற்பாலையின் சம்பளப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். தேவதானத்திலிருந்து வேலைக்கு வரும் தொழிலாளிக்கு அட்வான்ஸ் பிடித்தம் இரண்டு முறை பதிவாகிவிட்டது. ஒன்றை நீக்க வேண்டும். நீக்கும் பட்டனில் கோளாறு; பதிவு 400-வது வரிசையில் அப்படியே இருக்கிறது. சோதனையோ முதல் 30 வரிசைகளை மட்டும் பார்த்து, 'பதிவு இல்லை, பாஸ்' என்று சொல்லிவிடும். பாதிப்பு அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில்தான்!

தவிர்ப்பது எப்படி?

* நீக்குவதற்கு முன்பு அந்தப் பதிவை ஃபில்டர் செய்து, அது கண்ணில் படுவதை உறுதி செய்ய வேண்டும். நீக்கிய பிறகு பக்கத்தை மீண்டும் திறந்து, அதே ஃபில்டரில் பார்க்க வேண்டும்.

* ஃபில்டர் இல்லையென்றால், பக்கத்தை அல்ல, அட்டவணையின் உள்பெட்டியை ஸ்க்ரோல் செய்ய வேண்டும். ஒரு திரை அளவுக்கும் குறைவாக நகர்த்தினால் வரிசைகள் விடுபடாது.

* 'இரண்டு நொடி காத்திரு' என்று எழுதாமல், புதிய வரிசை வரும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

* 'ஐந்தாவது வரிசை' என்பது ஸ்க்ரோலில் மாறிவிடும். பதிவு எண்ணை வைத்தே அடையாளம் காண வேண்டும்.

* திரையில் உள்ள வரிசைகளை எண்ணி மொத்தக் கணக்கு சொல்லக் கூடாது. சர்வர் தரும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், 'திரையில் காணோம்' என்பது வேறு, 'பட்டியலிலேயே இல்லை' என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரியாத சோதனை கொடுக்கும் 'பாஸ்' மார்க்கை நம்ப முடியாது.