கல்லில் அணி, கல்வெட்டில் கணக்கு



விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியை விட்டுச் சற்றே விலகினால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை அடையலாம். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இதனை ஆக்குவித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப் பெயர். புதுமையை நாடும் உள்ளமுடையோன் என்பது அதன் கருத்து.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன். முகப்பின் இரு கோடியிலும் நிற்கும் வாயிற்காவலர் சிலைகளை உற்று நோக்கிய ஒரு சிறுவன், "ஐயா, இவர்கள் பூண்டிருக்கும் நகைகளில் குன்றிமணிப் பொன்னும் இல்லையே! பிறகு எதற்காக இவ்வளவு உழைப்பு?" என்று கேட்டான். அவ்வினாவிற்கு அன்று எனக்குத் தக்க விடை தோன்றவில்லை.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். வெட்டிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. காதணிக்கும் தோளணிக்கும் எவ்வளவு கல்லை விட்டுவைக்க வேண்டும் என்பதைச் சிற்பி முதல் உளி விழுமுன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே மண்டகப்பட்டில் நாம் காண்பது பொன்னை நீக்கிய அணி. அதாவது, அணியின் திட்டம் மட்டுமே.

பொற்கொல்லருக்கோ பிழையைத் திருத்த வழியுண்டு. பொன்னை உருக்கி மீண்டும் தொடங்கலாம். ஆனால் அவர் தொழிலில் வேறோர் இடர் உண்டு. பொன்னை உருக்கிக் கம்பி இழுப்பவர், மணிகளைப் பதிப்பவர், முத்துகளைக் கோப்பவர் எனப் பல கைகள் மாறியே ஓர் அணி நிறைவு பெறுகிறது. உள்ளே அரக்கும் அடைக்கப்படுகிறது. முடிந்த நகையைத் தராசில் இட்டால், அதில் பொன் எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று எவ்வாறு அறிவது?

இதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் விடை கூறுகிறது. முதலாம் இராசராசன் (985-1014), அவன் தமக்கை குந்தவை, தேவியர் ஆகியோர் அளித்த அணிகலன்களை அக்கோயிற் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகக் கணக்கிடுகின்றன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் எடைக்கல்லும், மணிகள் பதித்த அணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லும் இருந்தன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கோத்த சரடும், தாங்கும் சட்டமும், செப்பாணிகளும் நிறையில் சேர்க்கப்படவில்லை. அரக்கு சேர்ந்திருந்தால் அதனைச் சொல்லியே எழுதினர். முத்துகளை வட்டம், அனுவட்டம், சப்பத்தி, சக்கத்து என்று வகை பிரித்து எண்ணினர். இறுதியில் காசு மதிப்பையும் குறித்தனர்.

இவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. வயிரத்தில் புள்ளியோ கீறலோ இருந்தால் அதுவும் கல்லில் பொறிக்கப்பட்டது. கொடுத்தவன் பேரரசன், ஆயினும் குறை மறைக்கப்படவில்லை. செய்தவர், கொடுத்தவர், காப்பவர் ஆகிய மூவரையும் அவ்வெழுத்து ஒருங்கே காத்தது.

இம்முறை பழங்கதையன்று. இந்தியத் தர நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்குத் தர முத்திரையிடத் தொடங்கியது. 2021 ஜூன் முதல் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. வாங்குபவர் கண்ணால் அறிய இயலாததை, எழுத்தால் அறியச் செய்வதே அன்றும் இன்றும் நோக்கம்.

தஞ்சையில் கணக்கு நிற்கிறது. அதில் எழுதப்பட்ட அணிகள் நம் கண்முன் இல்லை. மண்டகப்பட்டில் அணியின் வடிவம் நிற்கிறது. அதற்குப் பொன்னும் இல்லை, கணக்கும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நற்பொருள் எவ்வாறு உருவாகிறது என்பது விளங்கும். முதலில் தெளிந்த எண்ணம். முடிவில் ஒளிவற்ற கணக்கு. இடையில்தான் பொன்னும் கைத்திறனும்.

அச்சிறுவனுக்கு நான் இன்று கூறும் விடை இது: "தம்பி, பொன்னைக் களவு கொள்ளலாம், உருக்கலாம். அந்தச் சிற்பி நினைத்த வடிவத்தையும், தஞ்சைக் கணக்கர் எழுதிய உண்மையையும் எவராலும் உருக்க இயலவில்லை. அதற்காகவே அவ்வளவு உழைப்பு."