சூரபன்மன்

சூரபன்மன், கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்தில் முருகனை எதிர்த்து நின்ற அசுர வேந்தன். யாழ்ப்பாணக் குடாநாட்டு முருகன் கோயில்களில் ஆண்டுதோறும் நடக்கும் சூரன்போரில் ஆணவத்தின் உருவாக வீதிக்கு வருபவன் இவனே.

காசிபருக்கும் மாயைக்கும் மூத்த மகன். சிங்கமுகனும் தாரகனும் தம்பியர், அசமுகி தங்கை. கடுந்தவமும் வேள்வியும் செய்து, 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரத்தைச் சிவபெருமானிடம் பெற்றான். தென்கடலில் வீரமகேந்திரபுரத்தைத் தலைநகராக்கிய பின், தேவர்களைக் கடல்மீன் பிடித்துச் சுமந்துவரச் செய்தான். இந்திரன் மகன் சயந்தனைச் சிறையிலிட்டான். செருக்கு அடுத்த தலைமுறைக்கும் இறங்கியது: தொட்டிலில் கிடந்தபோது வெயில் சுட்டதற்காகச் சூரியனையே பிடித்துக் கட்டிய மகனுக்குப் பானுகோபன் என்று பெயராயிற்று.

முருகனிடமிருந்து தூதுவந்த வீரவாகு சொன்னதையும், தம்பி சிங்கமுகன் சொன்னதையும் சூரன் கேட்கவில்லை. இன்னொரு மகன் இரணியனும் தடுத்துப் பார்த்தான். முடியாதபோது, தந்தைக்கு இறுதிக்கடன் செய்ய ஒருவனாவது மிஞ்சவேண்டும் என்று மீனுருக் கொண்டு கடலுள் மறைந்தான். போர்க்களத்தில் முருகன் பேருருவம் காட்டியபோது, பாலன் என்று தான் இகழ்ந்தவனின் பெருமை சூரனுக்குத் தெளிவாகிறது. அவனே வியந்து போற்றுகிறான். ஆனால் மானம் வணங்க விடவில்லை. பேருருவம் மறைந்ததும் பழைய வெகுளி திரும்புகிறது. காப்பியத்தில் ஆழமான இடம் இது. அறியாமையால் மட்டும் விழுந்தவனல்லன் சூரன். கண்ணாரக் கண்டும் வளையமுடியாமல் விழுந்தவன்.

இறுதியில் கடல் நடுவே மாமரமாய் நிற்கிறான். வேல் அதை இருகூறாக்க, கூறுகள் சேவலும் மயிலுமாகின்றன; ஒன்று கொடியாகிறது, மற்றது வாகனமாகிறது. தண்டனையே அருளாகும் இந்த முடிவைச் சைவர் மறக்கருணை என்பர்.

கிரேக்கக் கதைகளோடு ஒப்பிடும்போது பெரிய வேறுபாடு இங்குதான். பிள்ளைகள் பலரைப் பெற்றதால் லெத்தோ தேவியிலும் தானே உயர்ந்தவள் என்று பேசிய நியோபி, அப்பிள்ளைகளை லெத்தோவின் மக்களான அப்பொல்லோவின் அம்புக்கும் ஆர்த்தெமிசின் அம்புக்கும் பறிகொடுத்து, அழுகின்ற கல்லாகிறாள். அவளுக்கு மீட்சியில்லை. கடலுக்குப் பாலமிட்டுக் கிரேக்கத்தின்மேல் படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்சீசின் தோல்வியையும் இப்படித்தான் எஸ்கிலசின் ‘பாரசீகர்’ நாடகம் (கி.மு. 472) காட்டுகிறது. சூரனோ தன்னை வென்றவன் அருகிலேயே நிலைத்துவிடுகிறான்.

யாழ்ப்பாணத்தில் இக்கதை ஊர்ப்பொதுவானது புராணபடனத்தால். கோயிலில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் ‘பயன்’, அதாவது பொருள், சொல்வார். எழுதப் படிக்க அறியாதவரும் 10,345 பாட்டுள்ள காப்பியத்தைக் கேள்வியாலேயே அறிந்திருந்தனர். ஆறுமுக நாவலர் (1822–1879) இதை வசனமாகவும் எழுதினார்.

ஐப்பசிக் கந்தசட்டியின் ஆறாம் நாள் நல்லூர், மாவிட்டபுரம் முதலிய கோயில்களின் வீதியில் சூரன்போர் நடைபெறும். இளைஞர் தோளில் தூக்கி ஆட்டும் மரச்சூரன் முருகன் முன் பாய்ந்தும் பின்வாங்கியும் வருவான். ஆனைத்தலை, சிங்கத்தலை என்று தலைகள் மாறும். மாங்கொப்புத் தோன்றியதும் பிள்ளைகள் அடுத்து வரும் சேவலையும் மயிலையும் பார்க்க முண்டியடிப்பர். அன்றுவரை விரதமிருந்தோர் மறுநாள் பாறணை செய்வர்.

செருக்கு அசுரர்க்கு மட்டும் உரியதாகக் கந்தபுராணம் சொல்லவில்லை. பிரணவத்தின் பொருள் சொல்லத் தெரியாத பிரமன் முருகனிடம் குட்டுப்பட்டுச் சிறை புகுகிறான். சிவனை ஒதுக்கி வேள்வி செய்த தக்கன் ஆட்டுத்தலை பெறுகிறான். குடாநாட்டு வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றே விளக்கிய மட்டுவில் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) உரை எழுதியதும் இத்தக்கன் கதை வரும் தக்ஷகாண்டத்துக்கே.